பக்கம் 11, வரி 212

நவம்பர் 2, ஞாயிறு

காலையிலிருந்து தூறல். கடை அரை நாள். யூரியா லாரி இன்றும் வரவில்லை. "நாளைக்கு" என்கிறார்கள், மூன்றாவது முறையாக. அத்தா போனில் கத்திய கத்தலில் பக்கத்து டீக்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். கீழ்வேளூரில் உரக்கடை வைத்திருப்பவர்களுக்கு ஐப்பசியில் லாரியைவிடப் பெரிய கவலை இருக்கக் கூடாது. எனக்கு இருக்கிறது: எங்கள் அனிமே குழு.

இன்றைய சண்டை: ஸ்லைஸ் ஆஃப் லைஃப் என்பது ஒரு வகையா, அல்லது கதை எழுதத் தெரியாதவர்கள் வைத்துக்கொண்ட பெயரா?

பேராவூரணிக்காரர் ஒருவர்: "ஒருத்தி டீ போடுறா, இன்னொருத்தி குடிக்கிறா, பாகம் முடிஞ்சுடுச்சு. இதுக்கு எங்க வீட்டு அடுப்படியில போய் உக்காந்துக்கலாமே."

பதில்: "உங்க இசேகாய் மட்டும் என்னவாம்? லாரியில அடிபடுறான், வேற உலகத்துல ராஜாவாப் பொறக்குறான். நூறு தொடர், ஒரே லாரி."

நான்: "எங்க கடைக்கு வரவேண்டிய லாரியும் அங்கதான் போயிருக்கும்." நிறைய சிரிப்பு. மகிழ்ச்சி. (அற்ப மகிழ்ச்சிதான். இருந்தாலும்.)

பிறகு வேலைக்கு வந்தேன். தஞ்சாவூரில் ஒரு சின்னப் பதிப்பகம் புதியவர்களின் சித்திரக்கதைகளைத் தொகுக்கிறது. அதற்குத் தேர்வான ஒருவர் 'நண்டுவளை' என்ற பெயரில் நம் குழுவிலும் இருக்கிறார். தன் பதினாறு பக்கத்தையும் பெருமையாகக் குழுவில் போட்டிருந்தார். கதையின் பெயர் 'கடைமடை', வாய்க்கால் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம். கோடு நன்றாகத்தான் இருக்கிறது. பக்கம் 11-இல் ஓர் அப்பா மதகுக் கட்டையில் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். வசனம்: "நம்ம வயலுக்கு வந்து சேர்றப்ப தண்ணிக்கே தூக்கம் வந்துடும்."

எனக்கு உடனே பொறி தட்டியது. 'மேட்டு வயல்', மூன்றாம் பாகம். மலைச்சரிவில் நெல் போடும் ஜப்பான் கிராமத்தைப் பற்றிய தொடர். தமிழ் சப்டைட்டில் போட்டவன் அடியேன். அங்கேயும் அப்பா, முதுகு, சின்ன மரக்கதவு, இதே வசனம்.

காப்பியா என்று பார்க்க என் மூன்று விதிகள் குழுவுக்கே மனப்பாடம்:
1. சூழல் மட்டும் ஒன்றா? விட்டுவிடு.
2. கோணமும் ஒன்றா? சந்தேகப்படு.
3. வசனமும் ஒன்றா? திருட்டு.

மூன்றும் பொருந்துகிறது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "பக்கம் 11: திருட்டு" என்று தலைப்பிட்டு மூன்று மணிக்குப் போட்டேன். கீழே என் புனைபெயர்: கோரை. அஸர் தொழுதுவிட்டு வந்து பார்த்தால் குழு தீப்பிடித்து எரிகிறது.

நவம்பர் 3, திங்கள்

வெயில், பிறகு மழை, பிறகு வெயில். லாரி இல்லை.

விக்னேஷ் (இனி வி.) காலையிலேயே அழைத்தான். குழுவின் இன்னொரு நிர்வாகி, தஞ்சாவூர்க்காரன், என் சப்டைட்டில்களுக்கு நேரம் பொருத்துபவன். "மச்சான், உன் பதிவை அந்தப் பதிப்பகத்துக்கே அனுப்பிட்டேன்டா." கேட்காமல் செய்திருக்கிறான். ஆனால் நான் திட்டவில்லை. உள்ளுக்குள் இனித்தது என்பதை இங்கேயாவது எழுதி வைக்கலாம்.

மதியம் பதிப்பகத்தின் தொகுப்பாசிரியர் குழுவிலேயே பதில் போட்டார். 'கடைமடை' நிறுத்திவைக்கப்படுகிறது. சனிக்கிழமை மதியம் பன்னிரண்டுக்கு அச்சுக்குப் போகும். அதற்குள் விளக்கம் வராவிட்டால் அந்தக் கதை இல்லாமலேயே போகும்.

நண்டுவளை ஒரே ஒரு பதில் எழுதினார். அப்படியே எடுத்து வைக்கிறேன்:

"அந்தத் தொடரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த வசனம் என் அப்பா சொல்வது, நான் சின்னப் பிள்ளையிலிருந்து கேட்பது. ஜப்பானிலும் ஓர் அப்பா அதையே சொல்கிறார் என்று பார்த்த அன்றைக்குத்தான் எனக்கு வரையத் தைரியம் வந்தது."

அதற்கு விழுந்த அடி கொஞ்சநஞ்சமல்ல. "ஆமாமா, டோக்கியோல உங்க அப்பாதான் வசனகர்த்தா." "அப்பா பாஸ்போர்ட்டைக் காட்டுங்க." யாரோ கோவணம் கட்டிய ஒருவரை விமானத்தில் ஏற்றிப் படம் செய்திருந்தார்கள். சிரிப்புக்குறி போட்டவர்களில் நானும் ஒருவன்.

பொய் சொல்வதாக இருந்தால் இதைவிட நல்ல பொய் சொல்லலாமே என்று ஒரு நிமிடம் தோன்றியது. அத்தா கூப்பிட்டார், போய்விட்டேன்.

நவம்பர் 4, செவ்வாய்

மழை. லாரி வந்தது! இறக்க ஆள் குறைவு, நானும் தூக்கினேன். தோள்பட்டை போயிற்று.

மதியம் கடையைச் சாத்தியிருந்த நேரத்தில் மேசைக் கணினியைத் திறந்தேன். குழுவில் சிலர், "அசல் ஜப்பானியத்தில் என்ன சொல்றாங்கன்னு போடு, அதோட அவங்க வாயடைச்சிடும்" என்று கேட்டிருந்தார்கள். நியாயம்தான். எனக்குப் பேச்சு ஜப்பானிய மொழி அரைகுறை, ஆங்கில சப்டைட்டிலை வைத்துத்தான் தமிழாக்குவேன். மூன்றாம் பாகம், பதினான்காம் நிமிடம். எல்லா எழுத்தையும் அணைத்துவிட்டு ஓட்டினேன்.

அப்பா வருகிறார். மரக்கதவைத் தூக்குகிறார். உட்கார்கிறார். முதுகு.

தவளைச் சத்தம். நாற்பது வினாடி. மகள் வந்து பக்கத்தில் உட்கார்கிறாள். காட்சி முடிந்தது.

அவர் பேசவே இல்லை.

மறுபடி ஓட்டினேன். ஆங்கிலக் கோப்பைப் பிரித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் இல்லை, இவ்வளவு பெரிய காலி. என் தமிழ்க் கோப்பில் மட்டும் இருக்கிறது. வரி 212. பக்கத்தில் ஒரு நட்சத்திரக்குறி. அது நான் எனக்காக வைத்துக்கொள்ளும் குறி. பொருள்: இது நான் சேர்த்தது.

ஏன் சேர்த்தேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. யாரும் பேசாத காட்சி வந்தாலே குழுவில் புகார் வரும். "14:10-ல சப்டைட்டில் விட்டுப்போச்சு, சரி பண்ணுங்க." பேசவில்லையடா என்று எத்தனை முறை சொல்வது? சலித்துப்போய், நீளமான மௌனம் வந்தால் பொருத்தமாக ஒரு வரி போட ஆரம்பித்தேன். முதலில் வி.யின் யோசனை. பிறகு எனக்கே பிடித்துவிட்டது. பாராட்டு வேறு: "கோரை சப்ல ஒரு உசிரு இருக்கு."

நட்சத்திரக்குறி போட்டவனுக்கே மறந்துவிட்டது. இரண்டு வருடம். நானே எழுதியதைப் பார்த்து ஜப்பான்காரர் எழுதியது என்று நம்பி, இன்னொருவர் திருடியதாக எழுதியிருக்கிறேன்.

அதைவிட மோசம்: அந்த வரியை நான் யோசித்து எழுதவில்லை. கேட்டது. எங்கே, யார் என்று தெரியவில்லை. கல்லாவுக்கு எதிரே நின்று யாரோ சொன்னது. குரல் கேட்கிறது, முகம் வரவில்லை.

சாப்பிடவில்லை. அம்மாவிடம் தோள்பட்டை வலி என்றேன்.

நவம்பர் 5, புதன்

இரவெல்லாம் பெய்து காலையில் விட்டது. வெட்டாறு கரை தொட்டு ஓடுகிறதாம். கடைக்கு வருகிற எல்லோருக்கும் ஒரே பேச்சு: வடியுமா, வடியாதா.

வி.யிடம் சொன்னேன். சிரிப்பான் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை.

"எத்தனை தொடர்ல இப்படிச் சேர்த்திருக்க?"

எண்ணவில்லை. நட்சத்திரக்குறிகளைத் தேடினால் கோப்புக்குக் கோப்பு வருகிறது.

"அப்ப வாயை மூடிக்கிட்டு இரு. ஒரு வரின்னு சொல்லி ஆரம்பிச்சா, இதுவரைக்கும் நாம போட்ட எதையும் ஒருத்தனும் நம்ப மாட்டான். ஆறு வருஷ உழைப்புடா, ஜாபர்."

"அந்தப் பொண்ணு?"

"பொண்ணுன்னு உனக்கு எப்படித் தெரியும்? பேரு நண்டுவளை. அடுத்த வருஷம் வேற ஏதாவது வரையட்டும். சனிக்கிழமை தாண்டினா எல்லாரும் மறந்துடுவாங்க."

அவன் சொல்வது உண்மை. அதுதான் பயமாக இருக்கிறது. சனிக்கிழமை தாண்டினால் நிஜமாகவே எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

குழுவில் இன்றைய விவாதம்: ரோபோ தொடர்களில் எது அசல், எது நகல். "எல்லாம் ஒண்ணுதான், பையன் அழுவான், ரோபோ அழாது." ஐந்து பேர் என்னைக் கூப்பிட்டு, கோரை அண்ணா தீர்ப்பு சொல்லுங்க என்கிறார்கள். சொல்லவில்லை.

செய்ய வேண்டியவை:
- டிஏபி உர இருப்பு சரிபார்க்க
- அம்மாவுக்கு மாத்திரை
- கைரேகை இயந்திரத்துக்கு சார்ஜர் வயர்
- வரி 212

முதல் மூன்றும் முடிந்தது.

நவம்பர் 6, வியாழன்

மழை இல்லை. புழுக்கம்.

பதினொரு மணிக்கு ஒருவர் வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும், வேட்டியை மடித்துக் கட்டி, முழங்கால் வரை சேறு. அடிக்கடி வருகிறவர். பெயரைக் கவனித்ததில்லை, "வாங்கண்ணே" என்பதோடு சரி. யூரியா இரண்டு மூட்டை கேட்டார். மானிய உரத்துக்குக் கைரேகை கட்டாயம், ஆதார் எண் போட்டேன். திரையில் செல்லையன் என்று வந்தது.

விரல் வைத்தார். சிவப்பு. துடைத்துவிட்டு வைத்தார். சிவப்பு. நாற்று, மண்வெட்டி, வரப்பு என்று முப்பது நாற்பது வருடம் தேய்ந்த விரல், ரேகை எங்கே இருக்கும்? ஒவ்வொரு விரலாகப் பார்த்துக்கொண்டிருந்தோம். அந்த இடைவெளியில் பேச்சுக்குக் கேட்டேன்.

"வயல் எப்படிண்ணே இருக்கு?"

"மூணு நாளா முழுகிக் கெடக்குது தம்பி. நமக்குக் கடைமடை. வந்து சேர்றப்பவே தண்ணிக்குத் தூக்கம் வந்துடும். வந்து படுத்துச்சுன்னா அப்புறம் எழுந்திரிச்சுப் போவவும் போவாது."

என் கையில் இருந்த இயந்திரம் பீப் பீப் என்றது. சிவப்பு.

குரல் இதுதான். முகம் இதுதான். எனக்குத் தெரியாத இரண்டாவது பாதியும் இவரிடம்தான் இருக்கிறது. நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

அவர் நிறுத்தவில்லை. "எங்க வினோதா இதை வச்சு ஒரு படக்கதை போட்டுச்சு தம்பி. டிகிரி முடிச்சுட்டு வீட்டுலதான் இருக்கு, டியூஷன் எடுக்குது. செல்லுலயே வெரலால வரையும். நண்டுவளைன்னு பேரு வச்சுக்கிட்டு. தஞ்சாவூர்ல புஸ்தகத்துல போடுறேன்னு சொன்னாங்க. இப்ப எவனோ ஒருத்தன் திருட்டுன்னு எழுதிட்டானாம், நிறுத்திட்டாங்க. நாலு நாளா புள்ள சரியாச் சாப்பிடல. என்னத்தத் திருடுச்சு? நான் பேசுறது. வேணும்னா என்னைய வந்து கேக்கட்டுமே, நான் சொல்றேன்."

நான்தான் அண்ணே என்று சொல்ல வந்தேன். வாய்வரை வந்தது, அவ்வளவுதான். இயந்திரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

"ரேகை விழல தம்பி. சனிக்கெழம புள்ளைய அழச்சிட்டு வர்றேன், அது ஆதார்ல எடுத்துக்கலாம். நாளைக்கு உங்களுக்கு ஜும்மா, அதுக்கும் டியூஷன் இருக்கு."

அவர் போன பிறகு அத்தா, "என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்றார். புழுக்கம் என்றேன்.

நவம்பர் 7, வெள்ளி

மறுபடி மழை.

ஜும்மாவில் இமாம் பேசிய பயான் எதைப் பற்றி என்றால் சத்தியமாகத் தெரியாது. மனம் அங்கே இல்லை.

மன்னிப்புப் பதிவு. வரைவு 1: நீளம். வரைவு 2: இன்னும் நீளம், அதில் சப்டைட்டில் கலை பற்றி ஒரு பத்தி வேறு. வரைவு 3-இல் வி. மேல் பழி. வரைவு 4-இல் குழுவில் புகார் சொல்கிறவர்கள் மேல் பழி. வரைவு 5: "தெரியாமல் நேர்ந்த ஒரு சிறு குழப்பத்தால்..." இது நன்றாக இருக்கிறது என்று வைத்துக்கொண்டேன். போடவில்லை.

வி.யிடமிருந்து செய்தி: "இன்னும் ஒரு நாள்டா. பொறு."

எனக்கு என்ன போகும்? கோரை என்ற பெயர். அந்தப் பெயரில் மட்டும்தான் நான் ஒரு ஆள். கடையில் பாய் மகன், வீட்டில் இன்னும் கல்யாணம் ஆகாதவன். குழுவில்தான் நான் சொன்னால் சொன்னதுதான். அதை விடப் பிடிக்கவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. இதை எந்த வரைவிலும் எழுதவில்லை.

நவம்பர் 8, சனி

தூறல். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

11:10. வந்தார்கள். வினோதா சின்ன உருவம், கண்ணாடி, நனைந்த துப்பட்டா. செல்லையன் அண்ணன் வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தார். அவள் ஆட்காட்டி விரலை வைத்தாள். முதல் தடவையிலேயே பச்சை. அந்த விரலால்தான் வரைகிறாள்.

11:15. அப்பா மூட்டையைக் கட்ட வெளியே போனார். அவரோடு அத்தாவும்; வடிகால் பேச்சு, சீக்கிரம் முடியாது. நான் சொன்னேன். திட்டமிட்டுச் சொல்லவில்லை. "கோரைங்கிறது நான்தாங்க" என்று வந்துவிட்டது. பிறகு வரி 212, நட்சத்திரக்குறி, அவள் அப்பா கல்லாவுக்கு எதிரே நின்று சொன்னது, எல்லாம்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"இது உங்களுக்கு எப்ப தெரிஞ்சுச்சு?"

"செவ்வாய்க்கிழமை."

"இன்னிக்கு சனிக்கிழமை."

போனை எடுத்தேன்.

"எழுதினீங்களா?"

வரைவு 5-ஐக் காட்டினேன். வாங்கிப் படித்தாள். கண்ணாடியைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தாள்.

"'தெரியாமல்' வேண்டாம். எடுத்துடுங்க. 'சிறு'ங்கிறதும் வேண்டாம்."

எடுத்தேன்.

"'குழப்பம்' இல்ல. நீங்க எழுதினதுதான் அந்த வசனம். அதை மட்டும் போடுங்க."

கடைசியில் நான்கு வரிதான் மிஞ்சியது. அந்தக் காட்சியில் வசனம் இல்லை. அதை எழுதியது நான். என் கடைக்கு வரும் விவசாயி செல்லையன் சொன்னதைக் கேட்டு எழுதினேன், அவருடைய மகள்தான் நண்டுவளை. எழுதியது நான் என்பது செவ்வாயிலிருந்தே எனக்குத் தெரியும்.

11:38. குழுவில் போட்டேன். தொகுப்பாசிரியருக்கும் அனுப்பினேன்.

11:40. வி. மூன்று முறை அழைத்தான். எடுக்கவில்லை.

11:47. தொகுப்பாசிரியர்: "கிடைத்தது. 'கடைமடை' சேர்கிறது." அவளிடம் காட்டினேன். தலையை ஆட்டினாள். சந்தோஷம் எதுவும் முகத்தில் இல்லை.

"அங்க அவரு நெசமா என்னதான் சொல்றாரு?"

"ஒண்ணும் சொல்லலங்க. தவளை கத்துது, அவ்ளோதான்."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே இல்ல."

வெளியே பார்த்தாள். தகரக் கூரைக்குக் கீழே செல்லையன் அண்ணன் கயிற்றை இறுக்கிக்கொண்டே அத்தாவிடம் சொல்வது இங்கே நன்றாகக் கேட்டது: "ஜப்பான்லயும் ஒருத்தன் இதையேதான் சொல்றானாம் பாய். எங்க புள்ள பாத்துருக்கு. அவனுக்கும் கடைமடைதான் போலருக்கு."

"ரெண்டு வருஷமா இப்படித்தான் சொல்லிக்கிட்டுத் திரியுறாரு," என்றாள். "நான் சொல்லப் போறதில்ல. நீங்களே சொல்லுங்க."

குழுவில் பதிவு போட்டது இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வெளியே போனேன். சொன்னேன். எவனோ ஒருத்தன் என்று வியாழக்கிழமை நீங்கள் சொன்னது என்னைத்தான் என்பதையும் சொன்னேன். அத்தா என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி எழுத முடியவில்லை.

செல்லையன் அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு நின்றார். திட்டவில்லை. "அப்ப அந்தாளு பேசலியா?" என்றார்.

"இல்லண்ணே."

"காட்டுங்க, பாப்போம்."

கடைக்குள் மேசைக் கணினியில் போட்டேன். எழுத்து இல்லாமல். நால்வரும் நின்று பார்த்தோம். மலைச்சரிவு, மரக்கதவு, முதுகு. தவளைகள். நாற்பது வினாடியும் செல்லையன் அண்ணன் கண்ணை எடுக்கவில்லை.

"தண்ணிக்குத்தான் காத்துக்கிட்டு உக்காந்துருக்கான்," என்றார். "முதுகப் பாத்தாலே தெரியுதே. இதுக்கு எதுக்குத் தம்பி எழுத்து?"

வண்டியை எடுத்தார். அவள் பின்னால் மூட்டை மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ரசீது என் கையிலேயே இருக்கிறது, கொடுக்க மறந்துவிட்டேன்.